சம்பளப் பட்டாளத்தில் இருந்துகொண்டே போர் மறுப்பு கோர முடியுமா?

ஓடக்கரை கேட்டது:

கட்டாயச் சேவைக்கு ஆள் பிடித்த காலத்தில் மனசாட்சியின் பேரால் துப்பாக்கி தூக்க மறுத்தவர்களைப் பற்றி நிறையவே படிக்கக் கிடைக்கிறது. நான் கேட்பது வேறு. யாரும் வற்புறுத்தாமல் தானே போய்க் கையெழுத்துப் போட்டு, சேரும்போது போனசும் வாங்கி, இரண்டு மூன்று வருஷம் சீருடையில் இருந்த ஒருவர், "இனி எந்தப் போரிலும் என்னால் பங்கெடுக்க முடியாது" என்றால் ராணுவம் என்ன செய்யும்?

அமெரிக்கத் தரைப்படையை வைத்துச் சொன்னால் போதும். 2009-இல் தொடங்கிய, குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறனுக்காகச் சேர்த்த மாவ்னி ஆள்சேர்ப்பில் தேவைப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அதனால் நமக்கு இது முழுக்க அடுத்த வீட்டுச் சங்கதியும் இல்லை. மனு யாரிடம் கொடுப்பது, எதை வைத்து ஏற்கிறார்கள் அல்லது தள்ளுகிறார்கள், முடிவு வரும்வரை அந்த ஆள் என்ன செய்ய வேண்டும், பணமும் குடியுரிமையும் என்ன ஆகும்? இந்த ஒரு போர் மட்டும் அநியாயம் என்று சொல்லி விலக வழி உண்டா?

சட்டப்பேழை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. மனுக்கள் இடறி விழுகிற முதல் படி அதுதான்.

1971-இல் கில்லெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் இதைத் தீர்த்து வைத்தது. அதோடு சேர்த்து விசாரித்த நெக்ரே வழக்கைப் பாருங்கள். அவர் ஏற்கெனவே ராணுவத்துக்குள் இருந்த கத்தோலிக்கர். நியாயப் போர், அநியாயப் போர் என்று திருச்சபை வகுத்திருப்பதைக் காட்டி, வியட்நாம் போர் அநியாயப் போர், அதில் சேர்வது பாவம் என்றார். அவருடைய நம்பிக்கை உண்மையாகவே இருக்கட்டும், எந்த வடிவத்திலும் போர் கூடாது என்பவருக்குத்தான் விலக்கு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006-இல் ஈராக்குக்குப் போக மறுத்த லெப்டினன்ட் எரன் வாட்டாடா இந்த வழியில் மனுச் செய்யவே இல்லை. ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினால் போகிறேன் என்றவருக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்மேல் நடந்த ராணுவ நீதிமன்ற விசாரணை 2007-இல் பாதியில் முறிந்தது, 2009-இல் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அது தனிக் கதை.

விதி எங்கே இருக்கிறது என்றால், பாதுகாப்புத் துறையின் 1300.06 என்ற அறிவுறுத்தல் எல்லாப் படைகளுக்கும் பொது. தரைப்படைக்கு அதை ஒட்டி ஏஆர் 600-43 என்ற ஒழுங்குவிதி. இரண்டு வகுப்பு உண்டு. 1-ஓ என்றால் ராணுவச் சேவையே முடியாது, விடுவிக்க வேண்டும். 1-ஏ-ஓ என்றால் சீருடையில் இருக்கிறேன், ஆயுதம் மட்டும் ஏந்தமாட்டேன். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கியே தொடாமல் காயம்பட்டவர்களைச் சுமந்து பதக்கம் பெற்ற டெஸ்மண்ட் டாஸ் இந்த இரண்டாம் ரகம்.

எந்த வகுப்பு என்பதை மனுதாரர்தான் தேர்ந்து எழுத வேண்டும். 1-ஓ கேட்டவருக்குச் சமரசமாக 1-ஏ-ஓ கொடுத்து அனுப்பக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. "இரண்டில் எது கிடைத்தாலும் சரி" என்ற தொனியில் எழுதினால் இரண்டுமே கெடும்.

நிரூபிக்க வேண்டியவை: எதிர்ப்பு எல்லாப் போருக்கும் எதிரானதாக இருக்க வேண்டும், சமயப் பயிற்சியிலோ நம்பிக்கையிலோ வேர்கொண்டிருக்க வேண்டும், உறுதியாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். சமயம் என்றால் கோயில், சர்ச் உறுப்பினர் அட்டை அல்ல. 1965-இன் சீகர், 1970-இன் வெல்ஷ் தீர்ப்புகளுக்குப் பிறகு, சமய நம்பிக்கைக்கு நிகரான வலுவோடு ஒருவர் பிடித்திருக்கும் அறநெறியும் செல்லும். வெறும் அரசியல் கருத்து, வெளியுறவுக் கொள்கை மேல் கோபம், சொந்த வசதி இவை செல்லா. நிரூபிக்கும் சுமை முழுக்க மனுதாரர் தலையில். தெளிவும் உறுதியுமான சான்று என்பது அளவுகோல்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அந்த நம்பிக்கை படையில் சேர்ந்த பிறகு முற்றியிருக்க வேண்டும். சேரும்போது நிரப்பும் டிடி 1966 படிவத்தில், நீங்கள் இப்போதோ எப்போதாவதோ கான்ஷியன்ஷியஸ் அப்ஜெக்டரா, அதாவது மனசாட்சியின் பேரால் போர் மறுப்பவரா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். எல்லோரும் "இல்லை" என்று போட்டிருப்பார்கள். "சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான்" என்று மனுவில் உருக்கமாக எழுதினால், அந்தப் படிவத்தில் பொய் சொன்னீர்களா என்ற கேள்வி வரும். விதை வீட்டில் விழுந்தது, முளைத்தது இங்கே என்று எழுதலாம். நடந்ததும் அதுவாக இருந்தால்.

நெய்தல்:

நடைமுறையை எழுதுகிறேன். தரைப்படைக்கு மட்டும். கடற்படை, விமானப்படை, மரீன் படைக்குத் தனித்தனி ஆணைகள், சாரம் ஒன்றே.

மனு 4187 எண் படிவத்தில் போகும். கூடவே விதியின் பின்னிணைப்பில் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில். படித்த பள்ளி, பார்த்த வேலை, குடியிருந்த முகவரி எல்லாம் ஒரு பகுதி. உயிர்நாடி மற்ற கேள்விகளில் இருக்கிறது: நம்பிக்கை என்ன, எப்படி மாறியது, எந்தக் கட்டத்தில் ராணுவ வேலையோடு ஒத்துப்போகாமல் ஆனது, பலப் பிரயோகத்தை எந்தச் சூழலில் ஏற்பீர்கள், உங்கள் வாழ்க்கையில் இந்த நம்பிக்கையை மிகத் தெளிவாகக் காட்டுவது எது. கடைசிக் கேள்விக்கு உணர்ச்சி வேண்டாம், நடத்தை வேண்டும். வேட்டையாடுவதை விட்டது, துப்பாக்கியை விற்றது, பதவி உயர்வுப் பயிற்சியை வேண்டாம் என்றது, வாரந்தோறும் எங்கோ தொண்டுக்குப் போவது, இப்படித் தேதியோடு சொல்லக்கூடியவை.

மனுவைத் தன் கம்பெனி கமாண்டரிடம் கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்பதற்காக அவர் வாங்க மறுக்க முடியாது. கொடுத்த தேதி தெரியும்படி ஒரு பிரதி கையில் இருக்கட்டும், பின்னால் எல்லா வாதமும் அந்தத் தேதியைச் சுற்றித்தான் நடக்கும்.

பிறகு இரண்டு நேர்காணல். ஒன்று சாப்ளின் எனப்படும் படைப் போதகரோடு. நம்பிக்கையின் தன்மை, ஆழம், உண்மை இவற்றைப் பற்றி அவர் அறிக்கை எழுதுவார். வழக்கமாகப் போதகரிடம் பேசுவது ரகசியம். இந்த நேர்காணல் ரகசியம் இல்லை, சொல்வது கோப்பில் ஏறும். மனம் விட்டு ஆறுதலாகப் பேச வேண்டுமென்றால் வேறொரு போதகரைப் பார்ப்பது நல்லது. மற்றொன்று மனநல மருத்துவரோடு. அவர் பார்ப்பது மனநோய் ஏதும் உண்டா என்பதை மட்டும். நம்பிக்கை உண்மையா என்று தீர்ப்பது அவர் வேலை இல்லை. மனுவோடு மனச்சோர்வையும் கலந்து எழுதியிருந்தால் இங்கே குழப்பம் வரும். "இவருக்கு வேண்டியது சிகிச்சை" என்று கோப்பு திசை மாறிப் போகும்.

அடுத்து விசாரணை அதிகாரி. கேப்டனோ அதற்கு மேலோ, மனுதாரரைவிட மூத்தவர், அவருடைய கட்டளை வரிசையில் இல்லாதவர். அவர் முன் நடக்கும் விசாரணை கோர்ட் மாதிரி இறுக்கமானது இல்லை, சாட்சிய விதிகள் கிடையா. சொந்தச் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளைக் கூப்பிடலாம், சொல்லுக்குச் சொல் பதிவு வேண்டுமென்றால் அதற்கும் சொந்தச் செலவு. இந்தப் பதிவுக்குக் காசு பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. பின்னால் கூட்டாட்சி நீதிமன்றம் போனால் நீதிபதி பார்ப்பது இந்தக் கோப்பை மட்டும்தான். புதிதாக அங்கே சாட்சி சொல்ல முடியாது.

அதிகாரியின் அறிக்கை மனுதாரர் கைக்கு வரும். மறுப்பு எழுத 10 நாள். அறிக்கை சாதகமாகவே இருந்தாலும் இந்தப் பத்து நாளைச் சும்மா விடாதீர்கள், அதற்குப் பிறகு கோப்பு கைமாறிக் கைமாறி மேலே போய்விடும். கமாண்டர்கள் ஒவ்வொருவராகப் பரிந்துரை எழுதுவார்கள், படைச் சட்ட அலுவலர் பார்ப்பார். 1-ஏ-ஓ என்றால் ஜெனரல் கோர்ட் மார்ஷல் என்ற உயர்நிலை ராணுவ நீதிமன்றத்தைக் கூட்டும் அதிகாரம் உள்ள தளபதி மட்டத்திலேயே கொடுத்துவிடலாம். 1-ஓ என்றால் தலைமையகத்தில் இதற்கென்று இருக்கும் மறுஆய்வு வாரியம்தான் முடிவு செய்யும். கீழே எல்லோரும் "சரி" என்றாலும் அங்கே தள்ளுபடி ஆகலாம், தலைகீழாகவும் நடக்கலாம். தள்ளினால் காரணம் எழுத வேண்டும்.

விதிப்படி 90 நாளில் கோப்பு தலைமையகம் போய்ச் சேர வேண்டும். நடப்பு வேறு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மனு ஒன்றை முடிக்கச் சராசரியாக ஏழு மாதம் பிடித்தது. 2002 முதல் 2006 வரையான ஆண்டுகளில் எல்லாப் படைகளுக்கும் சேர்த்து 425 மனு, ஏற்றது 224, தள்ளியது 188. ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் கொதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பாதிக்கு மேல் ஏற்றிருக்கிறார்கள். எண்ணிக்கை சின்னது, ஆனால் ஒப்புக்கு வைத்த வழி என்று சொல்லிவிட முடியாது.

முரண்தொடை:

ஒப்பந்தம் எட்டு வருஷத்துக்கு. அதை நம்பிப் பயிற்சிக்குச் செலவு செய்கிறார்கள். போருக்குப் போகச் சொன்ன மறுநாள் மனசாட்சி விழிக்கிறது என்றால் அந்த அதிகாரி எப்படி நம்புவார்?

சட்டப்பேழை:

நியாயமான சந்தேகம், வாரியத்துக்கும் வருவது இதுதான். ஆனால் காலப் பொருத்தம் ஒன்றை மட்டும் வைத்துத் தள்ள முடியாது. வேறு ஆதாரமும் வேண்டும். கொல்ல வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் பலருக்கு அந்தக் கேள்வி உறைக்கும் என்பது இயற்கைதானே.

அமெரிக்கக் கடற்படை அகாடமியில் படித்து நீர்மூழ்கிப் பிரிவுக்குப் போன மைக்கேல் இஸ்பிக்கியைப் பார்க்கலாம். பயிற்சித் தேர்வில், அணு ஏவுகணையை ஏவச் சொன்னால் ஏவுவீர்களா என்றொரு கேள்வி. ஏவமாட்டேன் என்று பதில் போட்டார். மனு இரண்டு முறை தள்ளுபடி, பிறகு கூட்டாட்சி நீதிமன்றம் போனார், 2011 பிப்ரவரியில் விடுவித்தார்கள். மருத்துவர் மேரி ஹன்னாவும் அப்படி. ராணுவ உதவித்தொகையில் படித்து, மயக்க மருந்து நிபுணராகிப் பணிக்கு வரவேண்டிய நேரத்தில் மனுச் செய்தார். இதைவிடச் சந்தேகத்துக்கிடமான நேரம் கிடையாது. இருந்தும் பாஸ்டனில் உள்ள முதல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் அவர் பக்கம் நின்றது. வாரியம் சொன்ன காரணங்களுக்குக் கோப்பில் அடிப்படை இல்லை என்றது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். நீதிமன்றம் கேட்பது "வாரியத்தின் முடிவுக்குக் கோப்பில் ஏதாவது ஒரு அடிப்படை உண்டா" என்பதை மட்டுமே. அது மிகக் குறுகிய சல்லடை. அகுஸ்தின் அகுவாயோ 2002-இல் சேர்ந்த மருத்துவ உதவியாளர், 2004 பிப்ரவரியில் மனுக் கொடுத்தார், ஈராக்கில் குண்டு நிரப்பாத துப்பாக்கியோடு நாளைக் கழித்தார். வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் அவரைக் கைவிட்டது. இரண்டாம் முறை ஈராக்குக்கு அனுப்பியபோது போகாததால் ஜெர்மனியில் ராணுவ நீதிமன்றம், எட்டு மாதச் சிறைத் தண்டனை.

ஓடக்கரை:

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஹிட்லர் வந்தால் சண்டை போடுவீர்களா, வீட்டில் திருடன் புகுந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரணையில் கேட்பார்கள் என்கிறார்களே? இந்துவாக இருந்தால் குருக்ஷேத்திரத்தை இழுக்கமாட்டார்களா?

நெய்தல்:

இழுக்கலாம். அஞ்ச வேண்டியதில்லை, தயாராக இருந்தால் போதும்.

திருடன் கேள்வி எளிது. தன்னையோ குடும்பத்தையோ காக்கப் பலத்தைப் பயன்படுத்துவேன் என்பவரும் போர் மறுப்பாளராக இருக்கலாம். ஒரு கையைத் தடுப்பதும் படையாகத் திரண்டு கொல்லப் போவதும் அவருக்கு எந்த இடத்தில் பிரிகிறது என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். ஹிட்லர் கேள்விதான் பொறி. "அந்தப் போர் என்றால் போயிருப்பேன்" என்றால் எல்லாப் போருக்கும் எதிர்ப்பு என்ற தூண் அங்கேயே சரிந்தது. "அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் என்ன நினைத்திருப்பேனோ அறியேன், இன்று இருக்கிற நான் எந்தப் போரிலும் சேரமாட்டேன்" என்பது பலருக்கு உண்மையான பதிலாகவும் இருக்கும்.

குருக்ஷேத்திரத்துக்கு விதியிலேயே ஒரு பிடி இருக்கிறது. நன்மைக்கும் தீமைக்கும் இடையே தெய்வ சக்திகள் நடத்தும் போரை ஒருவர் நம்புவதால், அவர் மனிதர்களின் போருக்குத் தயார் என்று ஆகாது. 1955-இல் சிகுரெல்லா வழக்கில் யெகோவா சாட்சிகளின் அர்மகெதோன் என்ற இறுதிப் போர் நம்பிக்கையைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வந்தது இது. கீதையைக் காந்தி படித்தது மாதிரி நெஞ்சுக்குள் நடக்கும் போராகப் படிப்பவருக்கு இது நேராகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் கீதை, மகாவீரர், "கொல்லான் புலாலை மறுத்தானை" என்று மேற்கோள் அடுக்கிப் பத்துப் பக்கம் எழுதாதீர்கள். இந்து சமயம் போரை ஏற்கிறதா என்பது அங்கே வழக்கே இல்லை, மனுதாரர் எதை நம்புகிறார் என்பதே வழக்கு. சமயத்தைப் பற்றி வாதிட ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் வேறு சுலோகம் எடுத்து வருவார்.

சட்டப்பேழை:

காத்திருக்கும் காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆட்கள் சிறைக்குப் போவது அங்கேதான்.

மனுக் கொடுத்ததால் கடமை நிற்காது. முடிவு வரும்வரை சொன்ன நம்பிக்கையோடு கூடியமட்டும் குறைவாக மோதும் வேலையைக் கொடுக்க வேண்டும். மனுதாரர் இன்னும் பயிற்சிநிலையில் இருப்பவர் என்றால் ஆயுதப் பயிற்சிக்கும், ஆயுதத்தைக் கையாளவும் கட்டாயப்படுத்துவதில்லை. அவ்வளவுதான் சலுகை. சீருடை, அணிவகுப்பு, காவல் நேரம், மற்ற உத்தரவுகள் எல்லாம் அப்படியே. படைப்பிரிவு வெளிநாடு போனால் மனுவும் ஆளும் கூடவே போகலாம். போகாமல் நின்றால் ராணுவச் சட்டத்தொகுப்பின் 87ஆம் பிரிவு, உத்தரவை மீறினால் 90 அல்லது 92, சொல்லாமல் போனால் 86. முப்பது நாள் தாண்டினால் ஓடிப்போனவர் பட்டியல். ஸ்டாஃப் சார்ஜென்ட் கமிலோ மெஹியா 2003-இல் விடுப்பில் வந்தவர் ஈராக்குக்குத் திரும்பவில்லை. 2004 மார்ச்சில் மனுவோடு சரணடைந்தார், மே மாதம் ஓராண்டுச் சிறை. மனுவில் என்ன எழுதியிருந்தார் என்பது அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாகவில்லை.

இதோடு ஒட்டியது ஓய்வுப்படியும் சலுகையும். மறுப்பாளர் என்று விடுவிக்கப்படுவதால் மட்டும் முன்னாள் வீரர் சலுகை போகாது. மறுத்ததோடு ராணுவக் கடமை செய்யவோ, சீருடை அணியவோ, சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியவோ மறுத்திருந்தால் போகும். மனு வாங்கும்போதே இதைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். முறையாகப் போனால் கிடைப்பது ஹானரபிள் (முழுக் கௌரவத்தோடு) அல்லது அதற்கு ஒரு படி கீழான ஜெனரல் வகை டிஸ்சார்ஜ், அதாவது பணிவிடுவிப்பு. கல்விக்கான ஜிஐ பில்லுக்கு ஹானரபிள் வேண்டும். சேர்ப்பு போனசில் இன்னும் பணிசெய்து தீர்க்காத பங்கைத் திருப்பிக் கேட்பார்கள். அகாடமி, உதவித்தொகைப் படிப்பு என்றால் அந்தச் செலவும் கணக்கில் வரும்.

குடியுரிமைச் சட்டமும் இதே கோட்டைத்தான் கிழிக்கிறது. போர்க்காலச் சேவையால் குடியுரிமை தரும் 329ஆம் பிரிவில், ராணுவக் கடமை எதுவுமே செய்யாத அல்லது சீருடை அணிய மறுத்த மறுப்பாளரைக் கௌரவமாகச் சேவை செய்தவராகக் கருதுவதில்லை. கடமையைச் செய்துகொண்டே மனுச் செய்தவருக்கு அந்த வாசகம் பொருந்தாது. ஆனால் ஐந்து ஆண்டு கௌரவச் சேவை முடியுமுன் கௌரவக் குறைவான முறையில் வெளியேற்றப்பட்டால், கொடுத்த குடியுரிமையையே ரத்து செய்ய இடம் இருக்கிறது. ஆகவே மாவ்னியில் வந்தவர் உத்தரவை மீறி நின்றால் இழப்பது சிறைநாட்களை மட்டும் இல்லை. குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலையும் ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும், ராணுவ வக்கீலுக்கு இந்தப் பக்கம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரைன்கரை:

ஜெர்மனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். இங்கே இது அரசமைப்பு உரிமை: ஆயுதம் ஏந்திய போர்ச் சேவைக்கு யாரையும் மனசாட்சிக்கு எதிராகக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 4ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. 2011-இல் கட்டாயச் சேவையை நிறுத்திவைத்த பிறகும், ஒப்பந்த வீரர்களும் நிரந்தரப் பணி வீரர்களும் இதைப் பயன்படுத்தி வந்தார்கள்.

மனு ராணுவத்தின் பணிநியமன மையத்துக்கு. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, வாழ்க்கைக் குறிப்பும் காரணங்களை விவரிக்கும் தானே எழுதிய அறிக்கையும் இணைக்க வேண்டும். முடிவெடுப்பது ராணுவம் அல்ல, குடும்ப அமைச்சகத்தின் கீழ் கொலோனில் இருக்கும் சிவில் அலுவலகம். பெரும்பாலும் காகிதத்திலேயே முடிந்துவிடும். பணியில் இருப்பவரின் மனுவை முன்னுரிமை கொடுத்து எடுக்க வேண்டும், ஆனால் அதுவரை இங்கும் கடமை நிற்காது. தானாகச் சேர்ந்தவரிடம் நீதிமன்றங்கள் கூடுதலாக ஒன்று எதிர்பார்க்கின்றன: மனம் திரும்பிய நிகழ்ச்சியோ, படிப்படியாக மாறிய போக்கோ தெளிவாகத் தெரிய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதம் இங்கேதான் பல்லிளிக்கும்.

மருத்துவப் பிரிவினர் கொல்வதில்லையே, அவர்களுக்கு எதற்கு இது என்று நெடுநாள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். 2012 பிப்ரவரியில் லைப்சிக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர்களுக்கும் உரிமை உண்டு என்றது.

குறிப்பிட்ட போரை மட்டும் மறுப்பதிலும் இங்கே ஒரு விரிசல் இருக்கிறது. ஈராக் போருக்கு உதவக்கூடும் என்று ஒரு மென்பொருள் வேலையைச் செய்ய மறுத்த மேஜர் ஃப்ளோரியன் பஃபைப் பதவி இறக்கினார்கள். 2005 ஜூனில் அதே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் போர் மறுப்பாளர் மனுவே போடவில்லை. எல்லோருக்கும் உள்ள பொதுவான மனசாட்சிச் சுதந்திரத்தின் கீழ் வென்றார், படையிலும் தொடர்ந்தார்.

பணத்தில் மட்டும் கறார். ராணுவச் செலவில் பட்டம் வாங்கியவர் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். முழுச் செலவையும் பிடுங்கினால் உரிமையையே விலைக்கு வைத்தது மாதிரி ஆகும் என்பதால், வெளியே படித்திருந்தால் அவருக்கு ஆகியிருக்கும் செலவளவுக்கு மேல் போகக் கூடாது என்று நீதிமன்றங்கள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. தவணையும் உண்டு.

ஓடக்கரை:

அமெரிக்காவில் ஒருமுறை தள்ளுபடி ஆனால் திரும்பப் போடலாமா?

நெய்தல்:

போடலாம், ஆனால் முந்தைய மனுவோடு சாரத்தில் ஒன்றாகவே இருந்தால் பரிசீலிக்காமல் திருப்பிவிடுவார்கள். தள்ளுபடிக் கடிதத்தில் காரணம் இருக்குமே, அதை எடுத்து வைத்து, அந்தக் குறைக்கு நேராகப் புதிய சான்று என்ன இருக்கிறது என்று பாருங்கள். "நம்பிக்கை ஆழமாக இல்லை" என்றிருந்தால் இடைப்பட்ட மாதங்களில் நடத்தை எப்படி மாறியது என்பதற்குப் பிறர் எழுதும் கடிதங்கள். கூடவே வேலை பார்க்கும் சார்ஜென்ட், அதுவும் மனுவுக்கு உடன்படாதவர், "இவன் பொய் சொல்கிற ஆள் இல்லை" என்று நாலு வரி எழுதினால் ஊர்க் குருக்கள் எழுதும் நாலு பக்கத்தைவிட எடை அதிகம். அப்படிப் புதிதாக எதுவும் இல்லையென்றால் இரண்டாம் மனுவில் நேரம் கழிக்காமல் ஆட்கொணர்வு மனுவுக்குப் போவதே சரி. அதைத் தன்மேல் கட்டளை அதிகாரம் உள்ள தளபதி இருக்கும் மாவட்டத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ராணுவ நீதிமன்ற வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் அதற்குத் தடை இல்லை என்று 1972-இல் பாரிஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.